குடைக்காரிக்கு ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

அடுத்தவர் அடுக்கிய சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தாலே எனக்குக் குமட்டும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பொதுக் குளியலறையில் யாரோ விட்டுப்போன சோப்பில் முடி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைத் தொட்டது போல இருக்கும். ஒருத்தி எந்தக் கார்டைச் சேர்த்திருக்கிறாள், எதைத் தேவையில்லாமல் மூன்று மூன்றாக வைத்திருக்கிறாள், எதை விட மனசில்லாமல் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றெல்லாம் பார்ப்பது, அவளுடைய அழுக்குத்துணிக் கூடையைக் கொட்டிப் பார்க்கிற மாதிரிதான். அப்படியும் வாரத்துக்கு இரண்டு கட்டாவது எடுத்துப் பார்ப்பேன். எனக்கு அதில் ஒரு ருசி இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது ஒரகடத்தில் ஒரு மாடி வீட்டை நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் வாலாஜாபாத்துக்காரி. முப்பத்திரண்டு வயது. நால்வரில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா. மற்ற மூவரும் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தி விருதுநகர், ஒருத்தி தேனி, கடைசியாக வந்தவள் நாங்குநேரிப் பக்கம். அவளை நாங்கள் நெல்லைக்காரி என்போம். கம்பெனி வேறு வேறு, ஷிப்ட் வேறு வேறு. ஒருத்தி குளிக்கும்போது இன்னொருத்தி தூங்குவாள், மூன்றாமவள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். நால்வரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான். வாசலில் டிரெய்லர் லாரி போனால் ஜன்னல் கம்பியெல்லாம் புழுதி. நான் துடைப்பேன். துடைத்துவிட்டு வந்து உட்காருவதற்குள் அடுத்த லாரி போகும்.

விருதுநகர்க்காரி முன்பு பெங்களூரில் வேலை பார்த்தவள். அங்கிருந்து வரும்போது துணிமணியோடு ஒரு கனமான பெட்டியும் கொண்டுவந்தாள். சூப்பர் ஹீரோ சீட்டாட்டம். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கிற ஆட்டம் இல்லை. எல்லோரும் ஆளுக்கொரு ஹீரோவாக ஒரே கட்சியில் நின்று ஒரு வில்லனை எதிர்க்க வேண்டும். வில்லனுக்காக யாரும் ஆட வேண்டியதில்லை. அவனுக்கென்று ஒரு கட்டு இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று அதிலிருந்து புரட்டினால், யாரை அடிக்கிறான், எவ்வளவு அடிக்கிறான் என்று அந்தக் கார்டே சொல்லிவிடும். ஒருத்தி விழுந்தாலும் மற்றவர்கள் தொடரலாம். ஆனால் அவனுடைய திட்டம் முடிந்துவிட்டால் நால்வரும் தோற்றோம்.

ஒவ்வொருத்தியின் கட்டுக்கும் பெயர் டெக். நாற்பது கார்டு. பதினைந்து கார்டு அந்த ஹீரோவுக்கே உரியது, தொடக் கூடாது. மீதி இருபத்தைந்தைப் பொதுக் குவியலிலிருந்து அவரவரே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்த இருபத்தைந்தில்தான் மனுஷ லட்சணம் வெளியே வரும். பெட்டியில் இல்லாத கார்டுகளைத் தண்டலத்தில் காலேஜ் பிள்ளைகள் மொய்க்கிற ஜெராக்ஸ் கடையில் கலரில் அடித்து, கத்தரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டோம். ஹீரோக்களின் இங்கிலீஷ் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. கையிலிருந்து தீப்பொறி பறக்கவிடுகிற என்னுடைய ஹீரோவுக்கு வெல்டிங்க்காரி என்று பெயர் வைத்தோம். நெல்லைக்காரியுடையவள் குடை மாதிரி ஒரு கேடயம் வைத்திருப்பாள், குடைக்காரி. கோட்டுப் போட்டுக்கொண்டு, தான் எழுந்திருக்காமல் ஆட்களை அனுப்பியே எல்லோரையும் அடிக்கிற கடைசி வில்லனுக்கு, தன் தொழிற்சாலையின் பெரிய அதிகாரி நினைவாக, பிளான்ட் ஹெட் என்று பெயர் வைத்தவள் தேனிக்காரி. மற்ற ஐந்து வில்லன்களையும் ஜெயித்துவிட்டோம். இவனை மட்டும் முடியவில்லை.

நான் வேலை பார்ப்பது வண்டிகளுக்கான வயர் ஹார்னஸ், அதாவது வயர்களைச் சேர்த்துக் கட்டிய கொத்து, செய்கிற ஒரு கம்பெனியில், கடைசி இன்ஸ்பெக்‌ஷனில். வயர் நுனியில் இருக்கிற சின்னப் பித்தளை பின், கனெக்டருக்குள் 'டக்' என்று போய் உட்கார வேண்டும். பாதி உட்கார்ந்தால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஓடுகிற வண்டியில் கழன்றுகொள்ளும். நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதற்குச் சிவப்பு. ஒருமுறை லைனில் ஒரு பெண், தனக்கு முந்தின ஸ்டேஷனில் அரைகுறையாகச் சொருகி வருகிற பின்களைத் தன் கட்டைவிரலாலேயே அழுத்திச் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முந்தின ஸ்டேஷன்காரி பாவம், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவாளே என்று இரக்கமாம். நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. எங்கள் தொழிலில் தப்புச் செய்கிறவளைவிட, அடுத்தவள் தப்பை மூடி அனுப்புகிறவள்தான் பெரிய ஆபத்து. அவளால்தான் தப்பு எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியாமல் போகும். இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

அந்தப் புத்தியை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் சிவப்பும் பச்சையுமாக வட்ட ஸ்டிக்கர் வாங்கி வைத்தேன். யாருடைய டெக்காக இருந்தாலும் ஒரு கார்டுகூட மாற்றாமல், வார நாட்களில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து மூன்று ஆட்டம் ஆடிப் பார்ப்பேன். கையில் வந்து மூன்று சுற்றுவரை பயன்படாமல் கிடக்கிற கார்டுக்கு நோட்டில் ஒரு புள்ளி. ஆறு புள்ளிக்கு மேல் போனால் அந்த டெக்கின் டப்பாவில் சிவப்பு. சிவப்பு ஒட்டிய டெக் ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு வரக் கூடாது. யாரும் என்னை இந்த வேலைக்கு வைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வெப்சைட் இருக்கிறது. தான் கட்டிய டெக்கைப் பட்டியல் போட்டு, அதற்கொரு பட்டப்பெயரும் வைத்து அங்கே ஏற்றிவிடுவார்கள். விருதுநகர்க்காரி அதிலிருந்து பொறுக்கிக் கொடுப்பாள், நான் கட்டிப் பார்ப்பேன். ஐயோ, என்ன மனிதர்கள்! இரண்டாவது சுற்றிலேயே எந்த வில்லனும் காலி என்று ஒருத்தர் மார்தட்டியிருந்தார். அதற்குக் குறிப்பிட்ட ஐந்து கார்டுகள் முதல் கையிலேயே வர வேண்டும். அவருக்கு எத்தனை தடவை வந்ததோ, எனக்கு மூன்று ஆட்டத்திலும் வரவில்லை. இன்னொருவர் எட்டுப் பத்தி எழுதியிருந்தார். அதில் ஏழு பத்தி அவர் உத்தியோகத்தை விட்டது பற்றியும் அவருடைய நாயைப் பற்றியும் இருந்தது. ஒருத்தி, பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், படத்தில் நீல நிறம் இருக்கிற கார்டாகப் பார்த்துச் சேர்த்திருந்தாள். விரித்து வைத்தால் கண்ணுக்கு அழகு. ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. இன்னொரு புண்ணியவான் நாற்பது என்று விதி இருக்கும்போது நாற்பத்து மூன்று போட்டுவிட்டு, எதையும் எடுக்க மனசு வரவில்லை என்று கீழே எழுதியிருந்தான். அதற்கும் நூறு பேர் பாராட்டு. சாம்பாரில் ஈ மிதக்கும்போது ருசியைப் பாராட்டுகிறவர்களை எங்கள் கேன்டீனிலேயே பார்த்திருக்கிறேன், ஆகவே ஆச்சரியப்படவில்லை.

வீட்டுக்குள் இருந்த டெக்குகளும் அந்த லட்சணம்தான். தேனிக்காரியுடையது கஞ்சத்தனம். சேர்த்துவைக்கிற கார்டே பாதி, செலவழிக்க ஒன்றும் இருக்காது. விருதுநகர்க்காரி துணைக்கு ஆள் கூப்பிடுகிற கார்டாக அடுக்கியிருப்பாள். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம், வேலை செய்ய ஒருத்தன் கிடையாது. இரண்டையும் நான்கு முறை திருப்பி அனுப்பி, ஒரு வழியாகப் பச்சை ஒட்டினேன்.

என் வெல்டிங்க்காரி டெக் மட்டும் முதல் மாதத்தில் கட்டியது கட்டியபடி இருந்தது. நான்காவது சுற்றில் தீ முழுசாக ஏறிவிடும். பிறகு ஒரே ஒரு பெரிய அடி, வில்லன் பாதி காலி. அந்தக் கார்டை நான் மேஜையில் ஓங்கி வைக்கும்போது மூன்று பேரும் கைதட்டுவார்கள். எனக்கு வேலையிலும் யாரும் கைதட்டியது கிடையாது, வீட்டிலும் கிடையாது. வாரம் பூராவும் அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துக்கொண்டுதான் கனெக்டர் கனெக்டராகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி நெல்லைக்காரி. அவள் டெக்கைத் தொடுவது எனக்கு உடம்பு கூசுகிற காரியம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கார்டைத் தொடுவாள். ஒவ்வொரு உறையிலும் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருக்கும். ஓர் உறைக்குள் முறுக்குத் தூள் கூட இருந்தது. ஆட வேண்டுமென்றால் நான் முதலில் ஈரத்துணியால் நாற்பது உறையையும் துடைப்பேன். துடைத்து முடிக்கும்போதே ஆடுகிற ஆசை போய்விடும். அதை முடித்து ஆடினால் டெக் அதைவிடக் கேவலம். அடிக்கிற கார்டு நான்கைந்துதான். மீதியெல்லாம் 'வேறொரு ஆட்டக்காரருக்கு' என்று தொடங்குகிறவை. அடுத்தவருக்கு விழுகிற அடியை நாம் வாங்கிக்கொள்வது, நம் கையிலிருந்து அடுத்தவருக்கு ஒரு கார்டு கொடுப்பது, அடுத்தவரின் காயத்தை ஆற்றுவது. தனியாக ஆடுகிறபோது இதெல்லாம் கையில் செத்துக் கிடக்கும். மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்துப் பதின்மூன்று புள்ளி.

ஒரு நாள் நான் முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தேன், அவளுக்கு வார விடுமுறை. வாசற்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் டெக்கை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"இன்னாடி இது? இத்தினி கார்டு இன்னாத்துக்கு?"

"அது பக்கத்துல இருக்கவங்களுக்கு அடி விழுந்தா நம்ம வாங்கிக்கிடலாம்க்கா."

"அவங்கவங்க அடிய அவங்கவங்க பாத்துக்கணும். அதுக்குத்தானே டெக்கு கட்டிக்கினு கீறோம்? நாலு பேரும் சொந்தக் கால்ல நின்னா மேஜை தானா நிக்கும்."

சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். "சரிக்கா. ஆனா ஆடும்போது நல்லாத்தானே வருது."

ஆடும்போது நன்றாகத்தான் வந்தது. எந்த வில்லனிடமும் நாங்கள் சீக்கிரம் விழுந்ததில்லை. ஆனால் அது என் பெரிய அடியால் வருவது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. புதுசாக வந்தவள், போகட்டும் என்று அந்தத் தடவை ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டேன்.

பிளான்ட் ஹெட்டோடு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். ஐந்திலும் கடைசிச் சுற்றில், அவன் உயிரில் ஒரு புள்ளி இரண்டு புள்ளி மட்டும் மிச்சமிருக்கும்போது தோற்றோம். அந்தச் சமயத்தில்தான் நெல்லைக்காரியின் கம்பெனியில் அவள் இருந்த லைனை ஓசூருக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை கிளம்ப வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. செய்தியைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"போறதுக்குள்ள ஒருக்கா அவன அடிச்சிரணும்க்கா. அங்கன போயி இதெல்லாம் யாரு கூட ஆட? நாங்க நாலு பேரு சேந்து அவனையும் சாய்ச்சோம்னு மனசுல இருந்தாப் போதும்."

சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அவள் அப்படிச் சொன்னது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எப்படியாவது ஜெயித்துக் கொடுத்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு புள்ளி இரண்டு புள்ளியில் தோற்கிறோம் என்றால் நால்வரில் யாரோ ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? குடைக்காரி அடிப்பதே இல்லை. வேறெங்கே தேட?

வெப்சைட்டில் யாரோ ஒருவன் அதே குடைக்காரியை வைத்து வேறு மாதிரி கட்டியிருந்தான். சும்மா சாத்துகிற டெக். தனியாக ஆடிப் பார்த்தேன், மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து இரண்டே புள்ளி. முதல் தடவையாக ஓர் அந்நியன் டெக் எனக்குக் குமட்டவில்லை. சனிக்கிழமை நெல்லைக்காரியின் டப்பாவில் சிவப்பு ஒட்டி, அவளுடைய இருபத்தைந்து கார்டுகளையும் குவியலில் கலந்துவிட்டு, அந்தப் புது டெக்கைக் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.

தேனிக்காரி ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அக்கா, அவ டெக்க அவளே ஆடட்டுமே. ஏன்க்கா இப்பப் போயி மாத்துறீக?"

"கடைசி சான்ஸ் இது. இப்பவும் அந்தக் கூத்தா?"

தேனிக்காரி விருதுநகர்க்காரியைப் பார்த்தாள். விருதுநகர்க்காரி தரையைப் பார்த்தாள். நெல்லைக்காரி புது டெக்கைப் புரட்டிக்கொண்டே, "நீங்க சொன்னாச் சரிதான்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி வறுத்தோம். பாத்திரமெல்லாம் கழுவி, பாய் விரித்து, நடுவில் பிளான்ட் ஹெட்டை வைத்தோம். நெல்லைக்காரி எனக்கு இடப்பக்கம், எப்போதும் உட்காருகிற இடம். முதல் கார்டு புரட்டியதும் வில்லனின் ஆள் ஒருத்தன் வெல்டிங்க்காரி மேல் பாய்ந்தான். வழக்கமாக இந்த இடத்தில் இடப்பக்கத்திலிருந்து ஓர் எண்ணெய்க் கை நீளும், "நான் வாங்கிக்கிடுதேன்க்கா" என்று ஒரு குரல் வரும். அன்றைக்கும் அவள் கை பாதி உயர்ந்தது. கார்டுகளைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அடியை நானே வாங்கினேன்.

இரண்டாவது சுற்றில் பெரிய அடியைத் தவிர என் கை காலி. பெரிய கார்டை ஆட வேண்டுமென்றால் கையிலிருக்கிற மற்ற கார்டுகளை விலையாகப் போட வேண்டும், என்னிடம் போட ஒன்றும் இல்லை. நெல்லைக்காரி பாட்டுக்கு அந்த அந்நியன் டெக்கால் வில்லனைச் சாத்திக்கொண்டிருந்தாள். நன்றாகவே சாத்தினாள், அதில் குறை சொல்ல முடியாது. மூன்றாவது சுற்றில் பிளான்ட் ஹெட்டே எழுந்து வந்து அடித்தான். வெல்டிங்க்காரி விழுந்தாள். பெரிய அடி என் கையிலேயே இருந்தது. மற்ற மூவரும் ஆறாவது சுற்றுவரை இழுத்துப் பார்த்தார்கள். அவனுடைய திட்டம் முடிந்தது. அவ்வளவு மோசமாக நாங்கள் தோற்றதே இல்லை.

"கார்டே வரல" என்றேன். "கலைச்சது சரியில்ல."

நெல்லைக்காரி வில்லனின் கட்டைச் சேர்த்துத் தட்டி நேராக்கினாள். அவளுக்கு அப்படி நேராக்கும் பழக்கம் கிடையாது. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"இன்னும் நேரம் கெடக்கு. இன்னொரு ஆட்டம் போடுவமாக்கா? என் டெக்க வச்சு?"

"அந்தக் குப்பைய வச்சா?" என்றேன். "அத்த திரும்பக் கட்றதுக்குள்ள விடிஞ்சிடும். எனுக்குத் தலை வலிக்குது."

"சரிக்கா" என்றாள். எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டாள். என் டம்ளரை மட்டும், எனக்குப் பிடிக்குமென்று, வெந்நீரில் ஒருமுறை கழுவிக் கொடுத்தாள். புதன்கிழமை நான் ஷிப்டில் இருந்தபோது இரண்டு பையோடு கிளம்பிப் போய்விட்டாள்.

அதன் பிறகு மூன்று பேர் ஆடினோம். எந்த வில்லனாக இருந்தாலும், ஏற்கெனவே ஜெயித்த ஐந்து பேரில் யாராக இருந்தாலும், வெல்டிங்க்காரி மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை. மூன்று பேருக்கு இந்த ஆட்டம் சரிவராது என்றேன். தேனிக்காரி "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் அவளுக்கு ஓ.டி. வந்துவிட்டது, அதற்கடுத்த வாரம் விருதுநகர்க்காரிக்கு வந்துவிட்டது. பெட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டில் தனியாக இருந்தபோது பெட்டியை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். குடைக்காரியின் டப்பா, சிவப்பு ஸ்டிக்கரோடு அப்படியே இருந்தது. உள்ளே நான்காக மடித்த ஒரு தாள், கிளம்புவதற்கு முன் அவள் போட்டுவைத்திருக்க வேண்டும். பேக்கிங்கில் ஒட்டுகிற பெரிய லேபிளின் பின்பக்கம். அதில் அவளுடைய இருபத்தைந்து கார்டுகளின் பட்டியல் பென்சிலால் எழுதியிருந்தது. ஓரத்தில் எண்ணெய்க்கறை. சில கார்டுகளுக்கு நேராகச் சின்ன எழுத்தில் குறிப்பு: 'அக்காவுக்கு முதல் அடி.' 'அக்கா கை காலியானா.' 'அக்கா கை காலியானா' என்று இன்னொரு கார்டுக்கும். 'அக்காவுக்கு மூணாவது ரவுண்டு, கட்டாயம் கையில வச்சிருக்கணும்.' 'அக்காவுக்குக் காயம்.' இருபத்தைந்தில் பதினான்கு அக்காவுக்கு.

அந்தப் பதினான்கையும் இன்னொரு முறை எண்ணினேன். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. வீட்டிலிருந்த எல்லா டெக்கையும், கண்காணாத தேசத்துக்காரன் டெக்கையும் தனியாக உட்கார்த்தி வைத்து ஆடிப் பார்த்திருக்கிறேன். என்னுடையதை ஆடிப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ஆடினேன். மூன்று ஆட்டம், விதிப்படி. மூன்றிலும் மூன்றாவது சுற்றில் செத்தேன். புள்ளி பதினேழு. எந்த டெக்குக்கும் அந்த நோட்டில் அவ்வளவு புள்ளி விழுந்ததில்லை. ஒரு தற்காப்புக் கார்டு கிடையாது, கை காலியானால் நிரப்ப வழி கிடையாது, எல்லாம் அந்த ஒரு கைதட்டலுக்காக அடுக்கியது. பார்க்கப் பார்க்கக் குமட்டியது. வேறொருத்தி டெக்காக இருந்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். பிறகு அந்தப் பென்சில் பட்டியலை வைத்து குடைக்காரியைத் திரும்பக் கட்டி, இரண்டு டெக்கையும் நானே இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன். ஓட்டை வருகிற இடத்திலெல்லாம் அவளுடைய ஒரு கார்டு வந்து விழுந்தது. நான்காவது சுற்றில் வெல்டிங்க்காரி எழுந்து நின்று பெரிய அடி அடித்தாள். குடைக்காரி பக்கம் பார்த்தால் அவளிடம் அடிக்க ஒன்றுமே மிச்சமில்லை. எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்து முடித்திருந்தாள். அந்த ஒரு புள்ளி இரண்டு புள்ளி எங்கே போயிற்று என்பது தெரிந்தது.

வந்த கோபம் முதலில் அவள் மேல்தான் வந்தது. மெமோ வாங்கிய அந்த லைன் பெண்ணின் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. இதுவும் மூடி அனுப்புகிற வேலைதானே? போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கக்கா, நல்லா இருக்கியளா?"

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

எதை என்று அவள் கேட்கவில்லை. பின்னால் யாரோ குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு சொன்னாள்:

"சொன்னாக் கோச்சுக்கிட்டு ஆட வராம இருந்துருவியக்கா. நாலு பேரு வேணும்லா."

"அவங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"தேனி அக்காதான் மொதல்ல கண்டுபுடிச்சாவ."

அந்த இரண்டு பேரும் என் கையால் பச்சை ஸ்டிக்கர் வாங்க நான்கு முறை வரிசையில் நின்றவர்கள். என் மேலேயே எனக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது. எழுந்து போய்க் கை கழுவினால் போகிற அருவருப்பு இல்லை அது.

"ஒருக்கா ஜெயிக்கணும்னியே" என்றேன்.

"ஜெயிக்கணும்னுதான்க்கா இருந்துச்சு."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை. எனக்கு வருவது இன்ஸ்பெக்‌ஷன் பேச்சுதான். என் டெக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன்:

"இதுல எதையெல்லாம் எடுக்கணும்?"

"பேனா இருக்காக்கா?"

யோசித்துச் சொல்வாள் என்று நினைத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மாசக் கணக்காக மனசில் எழுதி வைத்திருந்தது போல, வரிசையாக, மூச்சுவிடாமல் பதினொரு கார்டு சொன்னாள். நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். பதினொன்றாவது, நான் கைதட்டு வாங்குகிற அந்தப் பெரிய அடி.

அதையும் எழுதினேன்.